கோழி ஷெட்டில் பாடிய குத்துப்பாட்டு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதப் பிற்பகலில், எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் நடந்தது இது. பண்ணைக்காரர் வீட்டில் காதுகுத்து. எங்கள் டான்ஸ் ஆர்கெஸ்ட்ராவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

எனக்கு ஊர் அயோத்தியாப்பட்டணம். சர்ச் பேண்டில் சாக்ஸபோன் கற்றவள், பாடவும் செய்வேன். ஆனால் எங்கள் மாஸ்டர் என்னைச் சேர்த்துக்கொண்டது வாசிப்புக்காக இல்லை. "பொம்பளப் புள்ள சாக்ஸ் புடிச்சு நின்னா ஸ்டேஜ் எடுப்பா இருக்கும்" என்பார். பாட்டுக்கு நடுவே இரண்டு வரி ஊதுவேன், மற்ற நேரம் கோரஸ். கெஞ்சிக் கூத்தாடி அன்றைக்குத்தான் ஒரு முழுப் பாட்டு வாங்கியிருந்தேன். அருமையான குத்துப்பாட்டு. சொதப்பினால் மறுபடியும் கோரஸ்தான்.

நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் தாய்மாமன் சீர் வந்தது. வெடி வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருந்தும், கூட வந்த நண்பர்கள் சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். பந்தலை ஒட்டியிருந்த குஞ்சு ஷெட்டில் ஒரே கூச்சல். குழந்தையின் அம்மா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினார். பக்கத்தில் நின்ற நானும் பின்னால் ஓடினேன்.

உமி பரப்பிய தரையில் விட்டு வளர்க்கும் குஞ்சுகள். மிரண்டுபோய் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் குவிந்துகொண்டிருந்தன. அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துவிடும். நாங்கள் அள்ளி அள்ளி இந்தப் பக்கம் விட்டோம். விட்டவை திரும்ப அங்கேயே ஓடின.

கரண்ட் வேறு இல்லை. ஜெனரேட்டர் பந்தலுக்கு மட்டும்தான். ஷெட்டில் எந்நேரமும் பாடும் ரேடியோ நின்றிருந்தது.

"ரேடியோ பாடுனா பேசாம இருக்கும். நீ பாடற புள்ளதான சாமி? நிறுத்தாம மெதுவாப் பாடு!" என்றார் அந்த அக்கா.

வாயில் வந்தது அந்தக் குத்துப்பாட்டு ஒன்றுதான். அதையே தாலாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் பாடினேன். தூசி தொண்டையை அடைத்தது. இருமிவிட்டு மறுபடி பாடினேன். எத்தனை தடவை பாடினேனோ தெரியாது. மெல்ல மெல்லக் கூச்சல் அடங்கி, விலக்கிவிட்ட குஞ்சுகள் அங்கங்கே உட்கார ஆரம்பித்தன. சில செத்துத்தான் போயின. அவற்றை ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, "மத்ததெல்லாம் பொழச்சுக்கிச்சு கண்ணு" என்று அக்கா என் தலையிலிருந்த உமியைத் தட்டிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேடையில் என் பெயரைக் கூப்பிட்டபோது தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது. மாஸ்டர் முறைத்தார். வேறு வழியில்லாமல் சாக்ஸபோனை எடுத்து, ஷெட் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தத்தை மிகவும் தாழ்த்தி ஆரம்பித்து அந்தப் பாட்டை முழுசாக வாசித்தேன். ஷெட் வாசலில் நின்ற அக்கா, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, 'வாசி' என்று கையைக் காட்டினார். பிறகு தைரியமாக ஏற்றினேன். பந்தலே எழுந்து ஆடியது. அடுத்த நிகழ்ச்சியிலிருந்து எனக்குத் தனிப் பாட்டு கிடைத்தது.

இன்றும் எந்த மேடையிலும் தாழ்த்தித்தான் தொடங்குகிறேன். கைதட்டல் நிறையக் கேட்டாயிற்று. ஆனால் கைதட்டத் தெரியாத அந்தக் கூட்டம் பயம் தெளிந்து உட்கார்ந்த நிமிடத்தில்தான் நான் பாடகியானேன் என்று நினைக்கிறேன்.