மாமியாருக்குத் தெரியாத மைனஸ் பத்து

போன வாரம் என் கண்ணுக்குள் ஒரு டாக்டர் வெளிச்சத்தால் வெல்டிங் வைத்தார். ஆமாம், வெறும் வெளிச்சத்தால்! கத்தி இல்லை, தையல் இல்லை. அந்தப் பரபரப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, மாமியாருடன் பழவங்காடி கணபதி கோயிலுக்குப் போயிருந்தேன். அவர் தேங்காயை ஓங்கி உடைத்த அதே நொடி, என் இடது கண்ணின் ஓரத்தில் பளீரென்று ஒரு மின்னல்.

"அம்மா, இப்போ மின்னித்தா?"

"பட்டப்பகல்ல மின்னலா? நன்னா கேட்டே போ!"

பின்னாலேயே கரித்தூளைத் தூவிய மாதிரி கரும்புள்ளிகள். உடனே கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று பட்டது. ஏன் என்று அவருக்குத் தெரியாது... உங்களுக்கும்தான். வீட்டு விஷயம் அத்தனையும் இந்தப் பக்கத்தில் கொட்டுகிற நான், இதை மட்டும் மறைத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் என் கண்ணாடிப் பவர் மைனஸ் பத்து!

பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா கண்ணாடியைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். நிச்சயமானதும் ரகசியமாக ஒரு ஆபரேஷன், பவர் போச்சு. கண்ணாடி இல்லாத மருமகளாகக் கரமனையில் இருக்கும் புகுந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தேன். பவர் போனால் பிரச்சினையும் போன மாதிரிதானே? அப்படித்தான் நினைத்தேன். இருபது வருடமாகக் கண் டாக்டர் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

கோயிலிலிருந்து நேராகக் கண் ஆஸ்பத்திரி. "நானும் வரேன்" என்று மாமியாரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். ஃபாரத்தில், 'முன்பு கண்ணாடி அணிந்தவரா?' என்று ஒரு கேள்வி. பக்கத்தில் அவர். 'இல்லை' என்று டிக் அடித்தேன்.

சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு இளம் மலையாளிப் பெண். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சேச்சி, விழித்திரையில ஒரு கிழிசல் உண்டு. விட்டா தண்ணி உள்ள போயி திரையே கழண்டு வந்துரும். பார்வை போகும். இப்பவே லேசர் வைக்கணும். ஆனா இது பவர் கூடின ஆளுகளுக்கு வர்றதாக்கும். முன்பு கண்ணாடி உண்டோ?"

"இல்ல..."

"பின்னே? அடி ஏதாவது பட்டதோ?" அவர் பார்வை மெதுவாக மாமியார் பக்கம் போனது. குரலைத் தாழ்த்தினார். "வீட்டில ஏதாவது பிரச்சனை உண்டோ...?"

கடவுளே! ஒரு கண்ணாடியை மறைக்கப் போய், பாவம் அந்த மனுஷி மேல் பழியா? எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள்—

"போட்டிருந்தா டாக்டர். நல்ல சோடாபுட்டி!"

சொன்னது என் மாமியார்.

டாக்டர் சிரித்துவிட்டார். அன்றைய ஆபரேஷன் கண்ணின் முன்பக்கத்தை மட்டும்தான் சரி செய்ததாம். நீண்டுபோன கண் உள்ளே நீண்டபடியேதான் இருக்கும். பின்னால் திரை இழுபட்டு மெலிந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் வருஷா வருஷம் காட்ட வேண்டும் என்று இருபது வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன்!

அப்புறம்தான் திருவிழா. கண்ணை மரக்கச் செய்து, முகவாயைத் தாங்கியில் வைத்து, கண்மேல் ஒரு லென்ஸை ஒட்டினார்கள். பளிச், பளிச், பளிச் என்று பச்சை வெளிச்சம். அங்கங்கே சுருக்கென்றது, அவ்வளவுதான். கிழிசலைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக ஒரு வேலி. அந்தத் தழும்புகள் கொஞ்ச நாளில் இறுகித் திரையைப் பிடித்துக்கொள்ளுமாம். பத்து நிமிடத்தில் முடிந்தது! எழுந்தபோது எல்லாம் மங்கல். கொஞ்ச நேரத்தில் முதலில் தெளிவாகத் தெரிந்தது மாமியாரின் முகம். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் மெல்லக் கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரியும், கேட்டியா. மூக்குல ரெண்டு பக்கமும் கண்ணாடித் தடம். போறாததுக்கு, எனக்குப் பண்ண வேண்டிய நமஸ்காரத்தை எங்க கார் டிரைவருக்குப் பண்ணினே!"

"அப்போ ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"ஏண்டி, கண்ணு நன்னாத் தெரிஞ்சிருந்தா என் பிள்ளையைப் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருப்பியோ?"