செய்யது மீரா கொளுத்திய முயிற்றுக் கூடுகள்

செய்யது மீரா என்ற பெயரை நூர்ஜான் முதலில் கேட்டது நிக்காஹ் பேசிய அன்றுதான். ஆயர் ஈத்தாமில் சீன முதலாளியின் பம்பளிமாசுத் தோட்டத்தில் வேலை, அங்கேயே வீடு என்றார்கள்.

நிக்காஹ் முடிந்து நூர்ஜான் குடிவந்த அந்தத் தோட்டத்தில், பூவில் தேன் குடிக்க இரண்டு வகை எறும்புகள் வரும். சிவப்பு முயிறு கடித்துப் பிடுங்கும், கறுப்பெறும்பு கடிக்காது. கடி பொறுக்காமல் ஒருநாள் மீரா முயிற்றுக் கூடுகளைக் கொளுத்தக் கிளம்பினார்.

“வேணாங்க. செவப்பு தேனையும் குடிக்குது, புழுவையும் இழுத்துட்டுப் போவுது. கறுப்பு குடிக்கிறதோட சரி,” என்றாள் நூர்ஜான்.

“உன் இடுப்புல ஏறுனா தெரியும் லா!” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே புழு விழுந்து இலையெல்லாம் சல்லடையானது. முதலாளி வீட்டைக் காலி செய்யச் சொன்னார். நூர்ஜான் சட்டிபானையைக் கட்டினாள்.

“ஏதாச்சும் திட்டேன், புள்ள,” என்றார் மீரா.

இப்போது மீரா பாகான் டாலாமில், நூர்ஜானோடு அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறார்; சாப்பிடுவதோடு சரி.