வேப்பமரத்தடியும் என் துடைப்பமும்

கருங்குழியில் எங்கள் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் வெயிலும் விழாது, ஈரமும் நிற்காது. புல் வைத்தேன், கருகிப்போனது. நிழலில் தரையோடு படரும் என்று படாளம் நர்சரிக்காரர் கற்பூரவல்லி கொடுத்தார். அதுவும் வாடியது. நேரே போய், நாலு பேர் எதிரில், "செத்த செடிய விக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "மரத்தடிய தெனம் பெருக்கினு கீறியாம்மா?"

"பெருக்காம வுட்டா அது வூடா?"

"சருக வாரிட்டா மண்ணு காயாம இன்னா பண்ணும்? அப்டியே வுடு."

தன் தப்பை மறைக்க என் துடைப்பத்தைக் குறை சொல்கிறார் என்று எரிச்சலோடு திரும்பினேன்.

மாசியில் மரம் இலை கொட்டும் சமயம் பார்த்துக் கால் சுளுக்கி, இரண்டு வாரம் படுத்துவிட்டேன். வாசல் குப்பையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம். எழுந்ததும் துடைப்பத்தோடுதான் போனேன். சருகை விலக்கினால் கீழே மண் ஈரமாக இருந்தது. செத்ததென்று நான் விட்டுவிட்ட கற்பூரவல்லித் தண்டு துளிர்த்திருந்தது.

இன்று மரத்தடி முழுக்கப் பச்சை. "ஏன் பெருக்கல?" என்று யாராவது கேட்டால் கை பரபரக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். ஆனால் பஸ் படாளத்தைத் தாண்டும்போது, அந்த நர்சரிப் பக்கம் திரும்ப இன்னும் எனக்கு முகமில்லை.