இடி இறந்துபோன வாரம்

ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவருக்குக் கோபம் வந்தால், அதுவும் லிஃப்ட் மாதிரிதான். கிளம்பிவிட்டால் நடு மாடியில் நிற்காது. வீட்டில் வைத்த பெயரை அவருடைய மனைவியே விண்ணப்பப் படிவங்களில்தான் பார்த்திருக்கிறார். மற்ற எல்லாருக்கும் அவர் இடி.

இருபது வயதில் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் குழு ஆரம்பித்தார்கள். நால்வருக்கும் பட்டப்பெயர்தான்: தொண்டை பாட்டு, கம்பி கிட்டார், ஊமை பேஸ் கிட்டார், இடி டிரம்ஸ். ஊமைக்குப் பேச்சு நன்றாகவே வரும்; பேசமாட்டார், அவ்வளவுதான். ஒருமுறை தொண்டை மேடையில் கால் மணி நேரம் முழங்கிவிட்டு மைக்கை நீட்ட, ஊமை “சரி” என்றார். அன்றைக்கு அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

முதல் இசைத்தட்டின் அட்டைக்குப் படம் எடுத்தபோது, இடியும் ஊமையும் விளையாட்டாகக் கருவியை மாற்றிக்கொண்டார்கள். இடி பேஸ் கிட்டாரோடு நின்றார். ஊமை டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அட்டையைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஆளை மாற்றியே சொன்னார்கள். இருவரும் திருத்தவில்லை. ‘உங்க பேஸ் பிரமாதம்’ என்று யாராவது கையைப் பிடித்தால் இடி கூச்சமில்லாமல் நன்றி சொல்லிவிட்டு, உன் பாராட்டையும் நானே வாங்கிட்டேன் என்று ஊமையிடம் போய்ப் பீற்றிக்கொள்வார்.

கம்பி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். ஊமை எட்டு மாதத்துக்கு முன்பு, அதே ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில். கடைசியாக அவரைக் கீழே இறக்கிய லிஃப்டின் பொத்தானை அழுத்தியது இடி.

நாற்பதாம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைத் தொண்டை நடத்துகிறார் என்பதே ஆஸ்பத்திரி எதிர்ச்சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்துத்தான் இடிக்குத் தெரிந்தது. மேலே தொண்டையும் ஊமையும் வண்ணத்தில் சிரித்தார்கள். கீழே கறுப்புக் கட்டத்துக்குள், ‘மறைந்தும் மறையாதவர்கள்’: கம்பியும் இடியும். பேஸ் வாசித்தவர் இறந்துவிட்டார், அட்டையில் பேஸ் பிடித்திருப்பவர் இவர், ஆகவே இவரே இறந்தவர் என்று யாரோ ஒரு புத்திசாலி முடிவு கட்டியிருக்கிறான்.

உயிரோடு இருக்கும்போது இவ்வளவு லட்சணமாக ஒரு போட்டோகூட விழுந்ததில்லையே என்று மனைவி அலுத்துக்கொண்டார். ஆவி பழுது பார்த்த லிஃப்டில் ஏறலாமா என்று நர்ஸுகள் கேட்டார்கள். இடியும் கூடச் சேர்ந்து சிரித்தார். மறுநாள் காலை ஊமையின் மனைவி போன் செய்கிறவரைக்கும்.

“அண்ணா, யாரோ கூப்பிட்டாங்க. சாரால மேடைப் படி ஏற முடியுமான்னு கேட்டாங்க. அவர் இல்லைங்கன்னு சொன்னேன். வந்ததும் சொல்லுங்க, சக்கர நாற்காலி வேணும்னாலும் வைக்கிறோம்னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க.”

லிஃப்ட் கிளம்பிவிட்டது.

அரங்கத்தில் அன்று மாலை நிகழ்ச்சிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தொண்டைக்கு இரண்டு குரல் உண்டு. மேடையில் சிங்கம்; கீழே இறங்கினால் தேனில் விழுந்த பல்லி. பல்லிக்குரலில் இடியைக் கட்டிக்கொண்டு, உனக்காக ஒரு நிமிஷம் மௌனம்கூட வைத்திருக்கிறேன் என்று சிரித்தார்.

இடி கேட்டது ஒன்றுதான். ஊமையின் படத்தை இறக்க வேண்டும். அவர் இறந்துவிட்டார் என்று தொண்டை வாயால் சொல்ல வேண்டும்.

ஊர் முழுக்க ஒட்டியாயிற்று, இனிமேல் எப்படி என்று தொண்டை இழுத்தார். அச்சுக்கு முன்னால் போஸ்டரைக் காட்டினார்களாம், பார்த்தாராம். தன் தாடைக்குக் கீழே தொங்கும் சதையை இரண்டு முறை திருத்தச் சொன்ன கண்ணுக்கு, பக்கத்தில் சிரிப்பவன் செத்தவன் என்பது படவில்லை.

“உடம்பு சரியில்ல, வரலன்னு சொல்லிக்கலாம்டா. அவன் என்ன, வந்து பேசவா போறான்?”

இடி கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் தொண்டை ஓர் அறையோடு தப்பித்திருப்பார்.

வெளியே இரண்டு மாடி உயரத்துக்கு அதே படம், பேனராகத் தொங்கியது. விளக்கு மாட்டுகிறவர்களின் ஏணியை எடுத்து இடி சாத்தினார். யார் நீ என்று காவலாளி ஓடிவந்தார்.

“கறுப்புக் கட்டத்துல ரெண்டாவது ஆள்.”

காவலாளி மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இடி ஏறினார். பையிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்து ஊமையின் முகத்தைக் காது, முடி ஒன்றும் சேதமாகாமல் சுற்றி வெட்டினார். டிக்கெட் வரிசை கலைந்து ஏணியடியில் கூடியது. தொண்டை மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

“டேய், உன் மூஞ்சியத்தானேடா தப்பா போட்டிருக்கு. அத வெட்டு.”

“நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். இவன் எறங்கணும்.”

தொண்டையின் முகத்துக்குப் பக்கத்தில் இப்போது ஆளுயர ஓட்டை. அதன் வழியே அரங்கத்தின் அழுக்குச் சுவர் தெரிந்தது. வரிசையில் நின்ற ஒரு பெண், அங்கே யார் இருந்தது என்று தொண்டையைக் கேட்டாள். தொண்டை மேலே பார்த்தார். இடி கத்தியை மடக்காமல் காத்திருந்தார்.

“எங்க பேஸ்காரன். எட்டு மாசம் ஆச்சு, தவறிட்டான்.” பல்லிக்குரல்.

“கேக்கல” என்றார் இடி மேலேயிருந்து.

தொண்டை மறுபடி சொன்னார். காது கேட்காதவர் மாதிரி இடி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சிங்கக்குரலில், தெருக்கோடி வரைக்கும் எட்டும்படி தொண்டை சொன்ன பிறகு, அவர் கத்தியை மடக்கிப் பையில் போட்டு, முகத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். அன்று மாலை டிரம்ஸில் யார் உட்கார்ந்தார்கள் என்று யாரிடமும் விசாரிக்கவில்லை.