மூன்று மாதம் என்று எழுதியது நான்

சித்திக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் பதினொரு விஷயங்கள் இருந்தன. முதலாவது, ‘தெரியாது’ என்று சொல்லக் கூடாது. இரண்டாவது, உள்ளங்கையில் எழுதக் கூடாது. மூன்றாவது, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையேறக் கூடாது. மற்ற எட்டும் இதே வகைதான்.

சித்தி என் அம்மாவின் தங்கை. தெல்தெனியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வார். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு எத்தனை மணிக்கு மருந்து என்பதெல்லாம் இடது உள்ளங்கையில் பேனையால் எழுதியிருக்கும்.

பிரதேச சபைத் தேர்தலுக்கு ஒரு பெண் வேட்பாளர் வேண்டும் என்று கட்சிக்காரர்கள் வந்து கேட்டபோது, இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவர்கள் ஒரு கட்டு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஆலோசகர் வேலை என்னிடம் வந்தது.

நான் கண்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. சனிக்கிழமை தோறும், தங்கியிருக்கும் அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு வந்து தெல்தெனியா பஸ் ஏறுவேன். சித்தியைக் கதிரையில் உட்கார வைத்து, ஃபோனில் படம் பிடித்தபடி கேள்வி கேட்பேன். பிழைகளுக்கு எண் போடுவேன்.

“லயத்துக்குப் போற ரோட்டை எப்ப போடுவீங்க?”

“எனக்குத் தெரியாதும்மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்.”

“சித்தி! தெரியாதுன்னு சொன்னா யாரு ஓட்டுப் போடுவா?”

“தெரியாதத தெரியும்னு சொன்னா ஒரே பிள்ளைக்கு ரெண்டு தடவ மருந்து போயிரும்டி.”

“இது மருந்து இல்ல, அரசியல்.”

“அப்படியா? இதுல யாருக்கும் ஒண்ணும் ஆகாதா?”

கேலிதான் செய்தார். ஆனாலும் பழகிக்கொண்டார். தலையை நிமிர்த்திப் பேசினார். நீளமாகப் போகும் பேச்சைப் பாதியாகக் குறைத்தார். இவை நல்ல ஆலோசனைகள் என்று இன்றும் நினைக்கிறேன். நோட்டீஸுக்குப் படம் எடுக்கும்போது கை கூப்பச் சொன்னேன். உள்ளங்கை ஓரத்தில் மை தெரிந்தது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து நின்றார். யாரும் அவரைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. பதினொரு விஷயங்களும் அதற்காகத்தான்.

கூட்டம் மேற்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில் நடந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்து வாசலில் இருபது முப்பது பேர். ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய மூத்த பிள்ளை சித்தியின் மடுவத்தில்தான் வளர்கிறது.

“அக்கா, பீலிக்கு எறங்கித் தண்ணி தூக்கி முடியல. வீட்டு வாசலுக்குப் பைப்பு எப்ப வரும்?”

பீலி என்பது பள்ளத்தில் தண்ணீர் விழும் இடம். அங்கிருந்து குடத்தோடு ஏறிவர வேண்டும். சித்தி, பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். பயிற்சிக்காக நான் எழுதிவைத்த கேள்விகளில் இது ஏழாவது. பதிலும் எழுதிக் கொடுத்திருந்தேன். தலையசைத்தேன்.

“மூணு மாசத்துல வரும்” என்றார் சித்தி.

கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். நான் ஏழுக்குப் பக்கத்தில் சரி போட்டேன்.

திங்கட்கிழமை மாலை சித்தி என்னை ஃபோனில் அழைத்தார்.

“அந்தப் பிள்ளை பிரசவத்துக்கு கலகெதரைக்கு அம்மா வீட்டுக்குப் போறதா இருந்துச்சு. அங்க வாசல்லயே கொழா இருக்கு. இப்ப போகலயாம். மூணு மாசத்துல இங்கயே பைப்பு வந்துருமேன்னு காலைல சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போவுது. அந்த மூணு மாசம் யாருகிட்ட கேட்டு எழுதின?”

யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் எதற்கும் மூன்று மாதம் என்று திட்டம் எழுதிப் பழக்கம். கேட்பதற்கு நியாயமாக இருந்தது, அவ்வளவுதான். சித்தி அன்றைக்கே சபை அலுவலகத்தில் விசாரித்திருந்தார். பைப்புக்குத் தண்ணீர் எடுக்க வேண்டிய ஊற்று இருப்பது தோட்டத்துக் காணியில். தோட்ட நிர்வாகம் எழுத்தில் அனுமதி தராமல் சபையால் ஒன்றும் செய்ய முடியாது. அது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிழை தேடிச் சம்பளம் வாங்கும் நான் செய்யாததை அவர் ஒரு ஃபோனில் செய்து முடித்திருந்தார்.

“தேர்தலுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு சித்தி. அந்தப் பிள்ளைகிட்ட மட்டும் தனியா சொல்லிருவோம்” என்றேன்.

“கைதட்டினவங்க எல்லாரும்தானே கேட்டாங்க? ஞாயித்துக்கிழமை மேல போறேன். நீயும் வா.”

போகும் வழியில் ஒரு தாளை நீட்டினேன். திட்டம் குறித்த விளக்கம், நான்கு வரி. சித்தி வாசித்தார். “இதுல ‘தெரியாது’ எங்கம்மா இருக்கு?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதே வாசல். சித்தி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“போன வாரம் மூணு மாசத்துல பைப்பு வரும்னேன். தெரியாமச் சொல்லிட்டேன். தோட்டத்துல அனுமதி வாங்கணும். எப்ப கிடைக்கும்னு எனக்குத் தெரியாது.”

“ஜெயிக்க முன்னாடியே பல்டியா!” என்றார் ஒருவர். “மத்தவங்க ஜெயிச்சுட்டாவது அடிப்பாங்க!” சிரித்தார்கள். நான் அஞ்சியிருந்த சிரிப்பு அதுதான்.

“ஒங்களுக்கு இத யாரு சொல்லிக் குடுத்தா?” என்று ஒரு பெண் கேட்டாள். பல தலைகள் என் பக்கம் திரும்பின.

“வாய் என்னோடதுதானே” என்றார் சித்தி.

“எழுதிக் குடுத்தது நான்” என்றேன். குரல் எவ்வளவு தூரம் கேட்டதென்று தெரியவில்லை.

கர்ப்பிணிப் பெண் சிரிக்கவில்லை. “அம்மாகிட்ட வரமாட்டேன்னு சண்ட போட்டுச் சொல்லிட்டேனேக்கா. நீங்க சொன்னீங்கன்னுதானே சொன்னேன்!” என்று அழ ஆரம்பித்தாள்.

“நானே பேசுறேன். ஒங்கம்மா நம்பரச் சொல்லு.”

சித்தி பேனைக்குக் கை நீட்டினார். நான் கொடுத்தேன். இலக்கங்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

தேர்தலில் சித்தி தோற்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. வாக்குகளை அப்படிப் பிரித்துப் பார்க்க வழியில்லை. இப்போதெல்லாம் தொலைக்காட்சியில் அரசியல்வாதி யாராவது பேசினால், “சொல்லிக் குடுத்தத ஒப்பிக்கிறான்” என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். என் கண் பின்வரிசையைத் தேடும். அங்கே ஒருத்தி பட்டியலோடு நின்று அவனுக்காகப் பயந்துகொண்டிருப்பாள்.

தோற்ற பிறகும், பைப்புக்கு அனுமதி கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவதைச் சித்தி விடவில்லை. நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். எல்லா விவரத்தையும் கேட்டுச் சரிபார்த்த பிறகு.

போன மாதம் ஒரு காலையில் நான் மடுவத்தில் இருந்தபோது அந்தப் பெண், பிரசவம் முடிந்து கலகெதரையிலிருந்து திரும்பியவள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திரும்பவும் வேலைக்குப் போகிறாள். முகம் இன்னும் முழுதாக இளகவில்லை.

“பைப்பு எப்ப வரும்?” என்றாள்.

“தெரியாது” என்றார் சித்தி.

அவள் குழந்தையைச் சித்தியின் கையில் கொடுத்தாள். பத்து மணிக்கு ஒரு மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.