பதினேழாம் நம்பர் பெட்டியில் இரண்டு கைப்பிடி

கொசுறு அக்காவைப் பற்றி இங்கே இரண்டு விதமாகப் பேசுவார்கள். நாற்பது குடும்பத்தின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவர் என்று பாதிப் பேர் கரித்துக்கொட்டுவார்கள். மீதிப் பேர் தெய்வப் பிறவி என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டு பேச்சும் எனக்கு ஆகாது. ஒரே மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று அவரோடு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். அவர் வெண்டைக்காயைப் பெட்டியில் அடுக்குவார். நான் பெட்டிமேல் சீட்டு ஒட்டுவேன். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

கொசுறு என்ற பெயர் தள்ளுவண்டிக் காலத்தில் வந்தது. கல்யாணமாகி வந்த வீட்டில் இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அதில் விளைந்ததை வீட்டுக்காரர் மண்டியில் போட்டுவிட்டு மண்டிக்காரன் கொடுத்ததை வாங்கி வருவார். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துத் தெருத்தெருவாகத் தள்ளினார். அரைக் கிலோ கேட்டால் அரைக் கிலோ போடுவார். தராசு தாழ்ந்த பிறகும் இரண்டு காயை எடுத்து மேலே போடுவார். கொடுக்கிற கை சும்மா இருக்காது. அந்த இரண்டு காய்க்காக நாலு தெரு தாண்டி வந்தவர்கள் உண்டு. ஒரு வண்டி மூன்று வண்டியானது. பிறகு ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் மூட்டைக் கணக்கில் காய் போனது. அக்காவின் கொழுந்தன் படிப்பை முடித்துவிட்டு வந்து, இதை வெளிநாட்டுக்கே அனுப்பலாம் என்று சொன்னபோது, அக்காதான் முதலில் தலையாட்டினார். அந்தக் கொழுந்தன்தான் இன்று எங்கள் முதலாளி. ஷெட் எழும்பியது வங்கிக் கடனில் என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். கொசுறில் எழும்பியது என்று நான் சொல்வேன்.

தகரக் கூரை, எஃகு மேஜைகள், பின்னால் ஒரு குளிர் அறை. விமானத்தில் போகிற வெண்டைக்காய் விரல் நீளம் இருக்க வேண்டும், வளைந்திருக்கக் கூடாது, நுனி முழுசாக இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு வெண்டையைக் கையில் எடுத்ததும் நுனியை ஒடித்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். முதலாளி ‘நுனியை ஒடிக்காதீர்கள்’ என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்தார். அதைப் படித்துக்கொண்டே ஒடித்தார்கள். அந்தப் பழக்கத்தை விட ஒரு மாதம் ஆயிற்று.

காய் கொடுக்கிற விவசாயிகள் நாற்பது பேர். ஒவ்வொருவர் நிலத்துக்கும் ஒரு நம்பர். அந்த நம்பர் ஒட்டிய பெட்டியில் அந்த நிலத்துக் காய் மட்டும்தான் இருக்க வேண்டும். எங்கேயோ ஒரு தேசத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தால், எந்த வயலில் பறித்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். நாளாக ஆக நாங்கள் ஆட்களையே நம்பரால் கூப்பிட ஆரம்பித்தோம். “இருபத்தாறுக்குப் பல்வலியாம், பறிக்க வரல” என்றால் எல்லோருக்கும் புரியும். அக்காவின் வீட்டு நிலம் மூன்றாம் நம்பர்.

கடைசிப் பெட்டி நிறையாவிட்டால் அந்தக் காயை வீட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அக்காவின் கைக்கு அந்தச் சட்டம் ஏறவே இல்லை. ஒருவர் குறைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவதை அவரால் பார்க்க முடியாது. பக்கத்துக் கூடையிலிருந்து இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டு நிரப்பிவிடுவார். பெரும்பாலும் அது அவர் வீட்டுக் கூடையாகத்தான் இருக்கும். முதலாளி இரண்டு தடவை பார்த்துச் சத்தம் போட்டார். “சரி தம்பி, சரி தம்பி” என்பார் அக்கா. முதலாளியின் முதுகு திரும்பியதும் மறுபடியும் கை போகும். “எங்க வீட்டுக் காய்தானே, யாரு கேக்கப் போறா?” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அடிக்கடி குறைவது பதினேழாம் நம்பர் பெட்டி. பதினேழு என்று நாங்கள் கூப்பிட்ட அந்தப் பெண்ணின் புருஷன் கூலிக்கு மருந்தடிக்கப் போனவர். காற்று வீசுகிற நாளில், மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல் அடித்தார். வரப்பிலேயே விழுந்தார், மூன்றாம் நாள் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் பூச்சிமருந்து டப்பா நுழைந்ததில்லை. விடிவதற்குள் பதினேழும் மகளும் வயலில் இறங்கி, புழுவைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவார்கள். விளைச்சல் குறையத்தானே செய்யும்?

அன்று பதினேழின் கடைசிப் பெட்டி இரண்டு கைப்பிடி குறைந்தது. விமான நிலையம் போகிற வேன் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. அக்கா மூன்றாம் நம்பர் கூடையில் கையை விட்டு அள்ளினார், ஒன்று, இரண்டு. பெட்டி நிறைந்தது. என் பக்கம் தள்ளினார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் பதினேழு என்று சீட்டு ஒட்டினேன்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. போன இடத்தில் சோதனைக்காக ஒரே ஒரு பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். பதினேழாம் நம்பர் பெட்டி. அதில் தடை செய்யப்பட்ட பூச்சிமருந்து இருந்ததாம். ஏற்றுமதியைக் கவனிக்கிற அதிகாரி நேரில் வந்து பதினேழைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“என்ன மருந்தும்மா அடிச்சீங்க?”

“எங்க வீட்டுல அந்த டப்பாவே கிடையாது சார்.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு அவர் எழுதிக்கொண்டார். பதினேழாம் நம்பரை இரண்டு வருஷத்துக்கு ரத்து செய்தார். ஆட்கள் சும்மா இருப்பார்களா? புருஷனைத் தின்ற மருந்தையே கையில் எடுத்திருக்கிறாள் பார் என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பத்து வருஷமாக அவர் புழு பொறுக்குவதைக் கண்ணால் பார்த்தவர்களே பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

செய்தி வந்த அன்று அக்காவின் கை நின்றுவிட்டது. வேலை முடிந்ததும் நேரே வயலுக்குப் போய் மோட்டார் ரூமைத் திறந்து பார்த்திருக்கிறார். பழைய சாக்குக்குப் பின்னால் பாட்டில் இருந்தது. வீட்டுக்காரர் மறைக்கவில்லை. “காய்ப்புழு ஏறிடுச்சு. ஒரே ஒரு தடவைதான் அடிச்சேன். நம்ம பெட்டியை எவன் தொறக்கப் போறான்னு நெனச்சேன்” என்றாராம்.

மறுநாள் காலையில் அந்தப் பாட்டிலை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா முதலாளியின் அறைக்கு வந்தார். நான் அங்கே சீட்டுச் சுருளை மாற்றிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. மேஜை நாற்காலியோடு என்னையும் ஒன்றாக எண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது.

“தம்பி, அது நம்ம வீட்டுக் காய். நான்தான் அவ பெட்டியில போட்டேன்.”

முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார்.

“அண்ணி, மருந்து அடிச்சா ஒரு நம்பர்தான் போகும். கலந்தது தெரிஞ்சா ஷெட்டுக்கே பூட்டு. நாப்பது வீடு அண்ணி.”

“அப்போ அவ?”

“ரெண்டே வருஷம். இங்கேயே வேலை போட்டுத் தர்றேன். எந்தக் குறையும் வராமப் பாத்துக்கறேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், வெளிய சொல்லாதீங்க.”

“வேலை நீ குடுப்ப. போன பேரை யாரு குடுப்பா?”

முதலாளியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது வீட்டை நினைத்துத்தான் அவர் அப்படிக் கெஞ்சினார். அந்த வண்டியை அண்ணி தள்ளியதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். இந்த ஷெட் போனால் அண்ணியின் பாதி ஆயுள் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். அக்கா பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு, மேஜைக்கு வந்து கை உறையை மாட்டிக்கொண்டு வெண்டையை அடுக்க ஆரம்பித்தார்.

அக்கா உடனே போய் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று இப்போது கதை கட்டுகிறார்கள். இல்லை. பதினோரு நாள் சொல்லவில்லை. அந்தப் பதினோரு நாளும் அவர் யாரோடும் பேசவில்லை, எந்தப் பெட்டியையும் நிரப்பவும் இல்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்காமல் சீட்டை மட்டும் பார்த்தேன். என் வேலை போய்விடும் என்ற பயம்தான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

பதினோராம் நாள் பதினேழு வந்தார். ஷெட்டில் கொடுத்த காலிக் கூடைகளையும், வயலில் நட்டிருந்த நம்பர் பலகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கூடைகளைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். பலகையை அக்காவின் மேஜைமேல் வைத்தார்.

“அக்கா, எம் பொண்ணு கேக்கறா. ‘உண்மையைச் சொல்லும்மா, நீ அடிச்சியா?’ன்னு கேக்கறா. நான் அவகிட்ட என்னன்னு சொல்லட்டும்?”

அக்கா பலகையில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். பதினேழு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஒரு பெண் தன் தாயைப் பார்த்து அப்படிக் கேட்கும்படி ஆகிவிட்டதே.

அடுத்த நாள் வழக்கமான சோதனைக்கு அதிகாரி வந்தார். அக்கா கை உறைகளைக் கழற்றி மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னார். எந்தக் கூடை, எத்தனை கைப்பிடி, வீட்டில் எந்தப் பாட்டில், எல்லாவற்றையும் சொன்னார். வேலை அப்படியே நின்றது. முதலாளி அறை வாசலில் நின்றார்.

“நீங்க போட்டதை யாராவது பாத்தாங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“இல்ல சார். யாரும் பாக்கல. நான் ஒருத்திதான்.”

ஷெட்டை அந்தப் பருவம் முழுக்கப் பூட்டிவிட்டார்கள். மூன்றாம் நம்பர் ரத்தானது. பதினேழாம் நம்பர் திரும்பக் கிடைத்தது. பூட்டிய மூன்றாம் நாள் சிலர் மூன்று கூடை வெண்டையை அக்காவின் வாசலில் கொட்டி, “தின்னுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா வாசலில் உட்கார்ந்து அதைப் பொறுக்கினார். பழக்க தோஷம், பொறுக்கும்போதே நீளத்தையும் குட்டையையும் தனியாகப் பிரித்தார். மறுநாள் ஒரு சரக்கு ஆட்டோவை வாடகைக்கு எடுத்து, கொட்டியவர்கள் வீட்டுக்கே போய் நின்றார். “காயைக் குடுங்க, நான் வித்துத் தர்றேன்.” சிலர் கதவைச் சாத்தினார்கள். மறு வாரம் திறந்தார்கள். நாலு மாதம் நாற்பது வயலின் வெண்டையையும் அவர் தெருத்தெருவாக விற்றார். வாங்க வந்தவர்கள் நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்தார்கள். தராசு தாழ்ந்ததும் கையை எடுத்துவிடுவார். யாருக்கும் ஒரு காய்கூட மேலே போடவில்லை. கொசுறு அக்கா என்ற பெயர் மட்டும் போகவில்லை.

பூட்டைத் திறந்தபோது முதலாளி அண்ணியைத் திரும்பக் கூப்பிட்டார். பெட்டியைத் தொடக் கூடாது என்பது அதிகாரி போட்ட நிபந்தனை. வருகிற கூடைகளை வாசலில் நின்று பார்த்து அனுப்புவதுதான் இப்போது அவர் வேலை. பதினேழு முதல் நாளே காய் கொண்டுவந்தார். அக்காவோடு பேசவில்லை. கடைசிப் பெட்டி இரண்டு கைப்பிடி குறைந்தது.

ஷெட்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். வாசலில் நின்ற அக்கா இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் விரல்களைக் கோத்துக்கொண்டார்.

பதினேழு என்னிடம் திரும்பினார். “குறையுது. குறைன்னே எழுதுங்க.”

எழுதினேன். அவர் காயைத் தன் கூடையில் கொட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியேறினார். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. வாசல்வரை பின்னாலேயே ஓடினேன்.

“ஒரு நிமிஷம். அன்னைக்கு அக்கா அள்ளிப் போட்டதை நானும் பாத்தேன். பாத்துட்டுத்தான் சீட்டு ஒட்டினேன். சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் கூடையை இறக்கவில்லை.

“தெரியும். நான் வேன் பக்கத்துலதானே நின்னேன். நானும் பாத்தேன். எனக்காகப் போடறாங்களேன்னு சந்தோஷமா இருந்துச்சு.”

“அப்போ அதிகாரிகிட்ட ஏன் சொல்லல?”

“எனக்காக நீட்டின கையை நானே எப்படிக் காட்டிக் குடுப்பேன்? அவங்களே சொல்லுவாங்கன்னு இருந்தேன். பதினோரு நாள் இருந்தேன். எம் பொண்ணு கேட்டப்பகூட வாயை மூடிட்டுத்தான் இருந்தேன்.”

இடுப்புக் கூடையைச் சரி செய்துகொண்டு நடந்துவிட்டார். நான் உள்ளே வந்தபோது அக்கா இன்னும் கையைப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நின்றார். பதினேழு என்ன சொன்னார் என்று கண்ணாலேயே கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு மேஜைக்குப் போனேன். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.