கெட்டிக் கஞ்சி ரோவீனா

சான் ஆஞ்சலோவில் ஒரு ஆண்பிள்ளை தேறுவானா மாட்டானா என்று தெரிய முகத்தைப் பார்க்க வேண்டாம், முழங்காலுக்குக் கீழே பார்த்தால் போதும் என்பாள் ரோவீனா டீக். ஜீன்ஸின் மடிப்பு தொடையில் தொடங்கி பூட்ஸ் வரைக்கும் நேராக இறங்க வேண்டும். இறங்கினால் ஆள் தேறுவான். ஊரில் பாதிப் பேருக்கு அந்த மடிப்பைப் போட்டுக் கொடுப்பவளே அவள்தான் என்பதால், இந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சாட்பர்ன் தெருவில் என் ஜீன்ஸ் கடைக்கு எதிர்ச்சாரியில் அவள் வேலை பார்க்கும் சலவைக்கடை. நான் ஜீன்ஸை விற்பேன், அவள் அதை நிற்க வைப்பாள். பேச்சுக்குச் சொல்லவில்லை. கெட்டிக் கஞ்சியில் முக்கி, ஈரத்தோடு இயந்திரத்தில் விரித்து, மேலே இருக்கும் சூட்டுப் பலகையைக் கையால் இழுத்து இறக்கி அழுத்தி எடுத்தால், அவள் தேய்த்த பேண்ட் உள்ளே ஆள் இல்லாமலே தரையில் நிற்கும். என் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்பவை அப்படி நிற்பவைதான். துணி மாட்டும் பொம்மை வாங்கும் செலவு எனக்கு மிச்சம். போட்டுக்கொள்கிறவர் முதலில் கையை விட்டு, ஒட்டிக் கிடக்கும் துணியை டரடரவென்று பிரித்துவிட்டுத்தான் காலை நுழைக்க முடியும். சர்ச்சுக்கு, ஆட்டுச் சந்தைக்கு, கோர்ட்டுக்கு, சாவுக்கு, எல்லாவற்றுக்கும் இங்கே அதுதான் உடுப்பு. லேசு, நடுத்தரம், கெட்டி என்று மூன்று பதம் உண்டு. லேசாகப் போடச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வங்கியில் வேலை பார்ப்பவர்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது ஊரில் இரண்டே கட்சிதான். பண்ணைக்காரர்கள் ரேங்லர் கம்பெனி ஜீன்ஸ், எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் லீவைஸ். பாக்கெட்டில் சேணத்தைக் கீறாத தட்டைக் குமிழ் இருக்கிறதா, குதிரையில் உட்கார்ந்தாலும் பூட்ஸை மூடுகிற நீளம் இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. அப்பா போட்டதை மகன் போட்டான். கட்சி மாறியவனைக் கல்யாண வீட்டில் வைத்துக் கேலி செய்தார்கள். அப்புறம் ஃபேஷன் வந்து எல்லோரையும் கலைத்துவிட்டது. இடுப்பு இறங்கியது. பின்பாக்கெட்டில் கயிறு கயிறாக வெள்ளைத் தையலும் சிறகும் சிலுவையும் பளபளக்கும் கல்லும் ஏறின. பிறகு கால் ஒட்டிப் போனது. பிறகு தொழிற்சாலையிலேயே கிழித்து அனுப்பினார்கள். ஹூஸ்டனிலிருந்து வரும் பையன்கள் ஓரத்தில் சிவப்பு நூல் ஓடும் ஜப்பான் துணி கேட்டார்கள், அதை மாதக்கணக்கில் துவைக்காமல் போட்டால்தான் அழகாக வெளுக்குமாம். எல்லாவற்றையும் நான் விற்றேன். வயிறு இருக்கிறதே.

ரோவீனா ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தாள். தையல் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, பின்னால் நடக்கிறவர்களுக்கு எதற்கு விளம்பரப் பலகை என்று கேட்டாள். துவைக்காத ஜப்பான் ஜீன்ஸை மோந்து பார்த்துவிட்டு, இது ஃபேஷன் என்றால் ஊரிலேயே பெரிய மைனர் ஆட்டுக்கிடாதான் என்றாள். ஒருமுறை ஒரு தாய், கல்லூரிக்குப் போகும் மகனின் கிழிசல் ஜீன்ஸைத் தேய்க்கக் கொடுத்தாள். வாங்கிப் போக வந்த பையன் அழாத குறை. அவன் ஆசை ஆசையாக வாங்கிய இரண்டு முழங்கால் கிழிசலையும் ரோவீனா உள்ளே ஒட்டுத் துணி வைத்து அழகாகத் தைத்து, கெட்டிக் கஞ்சியும் போட்டு வைத்திருந்தாள். கிழிந்திருந்தது, தைத்தேன், தையலுக்கு ஒன்றும் தர வேண்டாம் என்று அவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

அவள் பிறந்தது தெற்கே எல்டொராடோவில். அப்பா கம்பளி மூட்டை ஏற்றுபவர். பள்ளி முடித்த கையோடு ரே டீக் என்கிற லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். பார்க்க லட்சணமானவன், அதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சனிக்கிழமை காலை அவள் தேய்த்துக் கொடுத்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு ஒடெஸாவில் வேலை இருக்கிறது என்று கிளம்பினான். வேலை இருந்ததோ என்னவோ, அங்கே ஒருத்தி இருந்தாள். அவன் போட்டுக்கொண்டு போன மடிப்பும் என் கைவேலைதான் என்று ரோவீனா சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு அதற்குச் சிரிப்பு வந்ததே இல்லை. கைக்குழந்தையாக இருந்த மகள் டானெட்டை அந்தச் சூட்டுப் பலகையை இழுத்து இழுத்தேதான் வளர்த்தாள். டானெட் இப்போது ஃபோர்ட் வொர்த்தில் நர்ஸ். அம்மாவுக்கென்று ஒரு அறையே ஒழித்து வைத்துக்கொண்டு, வா வா என்று கூப்பிட்டபடி இருந்தாள். ரோவீனா ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள்.

அந்தச் சாக்கின் பெயர் ஹாய்ட் லாசிட்டர். கிறிஸ்டோவலுக்கு அப்பால் ஆடும் கொஞ்சம் மாடும் வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், கல்லுளிமங்கன். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாரத்து ஜீன்ஸைச் சுருட்டிக்கொண்டு வருவார். வாலிபத்திலிருந்து ஒரே கம்பெனி, ஒரே ரகம், கெட்டிக்கு மேல் கெட்டியாகக் கஞ்சி. உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொள்வார். மழை வருமா மிஸ் ரோவீனா என்பார். வராது என்பாள். வராதுதான் என்பார். அதற்குப் பிறகு ஒரு கோப்பைக் காபியை ஒரு குடம் தண்ணீர் குடிக்கிற நேரம் குடிப்பார். அவர் மூட்டையை வேறு யாரும் தொட ரோவீனா விட மாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் தலைமுடி சுருண்டிருக்கும். கேட்டால் காற்று என்பாள். தெருவுக்கே தெரிந்த விஷயம் அந்த இரண்டு பேருக்கு மட்டும் வாயில் வரவில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

இந்த வருஷம் அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. பலகையை இழுக்கிற தோள். கனத்த துணி, அதிலும் கெட்டிக் கஞ்சி போட்டதைத் தேய்க்கத்தான் அதிக நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார், அவள் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஹாய்ட் எதிரே நின்றபோதே இழுத்தவள், முகம் வெளிறி மேஜையைப் பிடித்துக்கொண்டாளாம். என்ன ஆச்சு என்று அவர் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, ஒருக்களித்துப் படுத்துவிட்டேன் என்றாளாம். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சில நாளில் ஹாய்ட் என் கடைக்கு வந்தார். வழக்கமான அலமாரிப் பக்கம் போகாமல் என்னிடம் வந்து நின்று, இழுபடுகிற துணியில் தேய்க்கவே வேண்டாத ரகம் இருக்கிறதாமே என்றார். இருக்கிறது. ரப்பர் நூல் கலந்து எல்லாக் கம்பெனியும் இப்போது செய்கிறது. போட்டியில் காளை மேலே ஏறும் இளவட்டங்கள் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஹாய்ட் லாசிட்டரா? போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் இறகு பிடுங்கிய வான்கோழி போல நின்றார், கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. என் வாய் சும்மா இருக்குமா? யார் அந்த அதிர்ஷ்டசாலி என்று கேட்டுவைத்தேன். காது இரண்டும் சிவந்து, பையில் போடுங்கள் என்று மட்டும் சொல்லி, ஒரு வாரத்துக்கு வேண்டியதை அள்ளிக்கொண்டு போனார்.

கல்லாவில் நின்ற பெண் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்த ஞாயிறு சர்ச் முடிவதற்குள் விஷயத்துக்குக் கண்ணும் காதும் மூக்கும் முளைத்து, சொனோராவில் நடனத்துக்குப் போகிற ஒரு விதவை டீச்சரே அவருக்கு ஜோடியாகிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, ஹாய்ட் வரவில்லை. அடுத்ததும் போயிற்று. அதற்கடுத்த வாரம் ரோவீனா தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தாள். அவருக்கு உடம்பு சரியில்லையா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். தீவனக் கடையில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறார் என்றேன். என்ன போட்டிருந்தார் என்றாள். அவளிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவள் அலமாரிக்குப் போய் அந்தப் புதுரகம் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் இழுத்துவிட்டுப் பார்த்தாள். இதில் கஞ்சி நிற்காது என்றாள். அவள் அழவில்லை. அதை மடித்து எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

மாதக் கடைசியில் ஃபோர்ட் வொர்த் போவதென்று அன்றைக்கே முடிவு செய்தாள். சலவைக்கடை முதலாளியிடமும் சொல்லிவிட்டாள். அவசரப்படாதே, அவரிடம் நேரில் ஒரு வார்த்தை கேள் என்று எவ்வளவோ சொன்னேன்.

"கேக்குறதுக்கு நான் யாருடி மார்வா? பேண்ட்டு அவருது, தேய்க்கிறவ நானு," என்றாள். "ஒருத்தன் போறதைப் பாத்தாச்சு. இன்னொரு தடவை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு நிக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவளுடைய கடைசி வெள்ளிக்கிழமை, கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தும் ஜீன்ஸை வாங்கிக்கொள்ள நான் சலவைக்கடையில் இருந்தேன். அவள் டானெட்டுக்குப் போன் செய்து, எத்தனை மணிக்கு வண்டியோடு வருவாய் என்று பேசிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. ஹாய்ட். முழங்கால் தொங்கிப்போய், பின்பக்கம் தொளதொளத்து, மடிப்பென்று பெயருக்கும் இல்லாத ஜீன்ஸில் நின்றார். கையில் அதே ரகத்தில் இன்னொன்று சுருட்டி இருந்தது. ரோவீனா பேச்சைத் துண்டிக்க மறந்து போனை அப்படியே மேஜைமேல் வைத்தாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். மழை என்று ஆரம்பித்தார். வராது என்று அவள் வெட்டினாள். அவர் சுருட்டியதை மேஜைமேல் வைத்தார்.

"இதுக்குத் தேய்ப்பே வேணாமே. எதுக்குக் கொண்டாந்தீங்க?" என்றாள்.

"நீங்க ஊரை விட்டுப் போறதா தீவனக் கடையில சொன்னாங்க."

"போனா உங்களுக்கென்ன? உங்களுக்குத்தான் இப்ப கஞ்சியும் வேணாம், மடிப்பும் வேணாம். சொனோராக்காரிக்கு இப்படித்தான் பிடிக்குமாக்கும்."

ஹாய்ட் விழித்தார். யாரைச் சொல்கிறாள் என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சொனோராவுல எனக்கு யாரையும் தெரியாதுங்க," என்றார். பிறகு தொப்பியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினார். "அன்னிக்கு அந்தப் பலகையை இழுக்கும்போது உங்க முகம் போன போக்கைப் பாத்தேன் மிஸ் ரோவீனா. ஊர்லயே கெட்டியாக் கஞ்சி கேக்குறவன் நான்தான். உங்க தோள் போனதுல பாதி என் பேண்ட்டாலதான் இருக்கும். அதான் விட்டுட்டேன்."

ரோவீனா திரும்பி, ஆவி விட்டுக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அதைச் சொல்றதுக்கு என்ன? வாயிலயும் கஞ்சி போட்டு வெச்சிருக்கீங்களா?"

"சொல்லத்தான் நெனச்சேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வண்டியை அந்த முக்கு வரைக்கும் ஓட்டிக்கிட்டு வருவேன்," என்றார். "கையில பேண்ட் இல்லாம உள்ள வர்றதுக்கு என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல. திரும்பிப் போயிருவேன்."

அவர் அந்த ஜீன்ஸில் ஊருக்குள் நடந்திருக்கிறார், தீவனக் கடையில் நின்றிருக்கிறார், சர்ச்சுக்கும் போயிருக்கிறார். இங்கே பிறந்த ஆண்பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் கண் நிறைந்து வழிந்ததை மறைக்கக்கூட இல்லை. மேஜைமேல் கிடந்த பேண்டை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"காரணம் வேணாம். காபி சூடா இருக்கு, உக்காருங்க," என்றாள்.

அப்போதுதான் போனிலிருந்து டானெட்டின் குரல், அம்மா அம்மா என்று கூப்பிடுவது எங்களுக்குக் கேட்டது. ரோவீனா எடுத்தாள்.

"வண்டி வேணாம்டி, நான் வரல," என்றாள். "உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. இங்க ஒரு மனுஷன் எனக்காக மடிப்பை விட்டுட்டு நிக்கிறாரு."